பொய்ப்பச்சை

பதினேழாம் எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது பவதாரிணிக்குத் தெரியாத விஷயமில்லை. எந்த எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை இருக்கும். அதற்கு இரட்டைச் சடை இருக்கும், முழங்காலில் ஆறாத சிராய்ப்பு இருக்கும். ஆனால் பதினாறு வருஷமாக அதை எண்ணாகவே பார்த்துப் பழகிவிட்டாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பதினேழாம் எண்தான். மேடைகளில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு அவள் நிதானமாகத் தண்ணீர் குடிப்பாள். பார்க்கிறவர்கள் வியந்து முடிக்க அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.

2061 ஜூனில் வந்த ஒரு சட்டம்தான் அந்த எண்ணுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளியில் பிள்ளைகளிடமிருந்து எடுத்த பதிவுகளை முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது, உரியவர் கையில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றது சட்டம். தரமணியில் பவதாரிணி தலைவியாக இருந்த கற்றல் ஆய்வகத்தில் அப்படி நாற்பது பள்ளிக்கூடங்களின் பதிவுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"யார் குரல்னு பத்து நிமிஷம் கேட்டுட்டு, ஆமா அவங்கதான்னு டிக் பண்ணணும் மேடம்," என்றான் இம்தியாஸ். ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். முப்பத்தைந்து வயதுக்கு மீறிய வழுக்கையும் வயதுக்கு மீறாத உற்சாகமும் உள்ளவன். "ஒலிப்பதிவெல்லாம் இத்தனை வருஷம் பூட்டியே இருந்துச்சு. நம்மகிட்ட வெறும் எண்ணும் கோடும் நாலு வரிக் குறிப்பும்தானே இருந்தது. பதினேழை நீங்களே பாக்குறீங்களா? உங்க செல்லப்பிள்ளையாச்சே."

"கொடு."

காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் பெஞ்சு கிரீச்சிட்டது. எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. பிறகு ஒரு சிறுமி மிக அருகில், ரகசியக் குரலில் சொன்னாள்.

"புரியல பிள்ள. மறுபடியும் சொல்லு."

பதில் சொன்ன குரல் தடுமாறியது. "ம்… ம்… மைனஸும் மை… மைனஸும் பெ… பெருக்கினா, ப்… ப்… ப்…"

பவதாரிணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்த 'ப்' தாண்டி வெளியே வருவதற்குள் வாயிலும் தொண்டையிலும் என்னென்ன நடக்கும் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அது பவதாரிணியின் குரல், பன்னிரண்டு வயதில். திரையில் பதினேழுக்கு நேரே பெயர் வந்திருந்தது: ஜெர்லின். தூத்துக்குடி, ஏழாம் வகுப்பு, பி பிரிவு.

அதற்குக் கீழே கோடு ஓடிக்கொண்டிருந்தது. புரியல, புரியல என்று ஜெர்லின் சொல்லச் சொல்ல, கோடு பச்சையாகவே இருந்தது. துளி மஞ்சள்கூட இல்லை.

2030இல் தூத்துக்குடி வேறு மாதிரி இருந்தது. கடற்கரைச் சாலையில் பெட்ரோல் ஆட்டோக்கள் புகை விட்டுக்கொண்டு போகும். பிள்ளைகள் காகித நோட்டில் எழுதுவார்கள். பக்கம் கிழிந்தால் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவார்கள். கரும்பலகை துடைக்கிற தூசி முன் பெஞ்சுக்காரிகளின் தலையில் விழும். கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஜன்னலோரம் ஜெர்லின், அவளுக்குப் பக்கத்தில் பவதாரிணி. அந்த ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்களின் கழுத்து தெரியும். அந்தப் பெஞ்சையும் ஜன்னலையும் நினைத்தால் இன்றைக்கும் பவதாரிணிக்கு நெஞ்சு குழையும்.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலும் பட்டாணியளவு கருவி ஒன்றை ஒட்டினார்கள். அதற்குப் புரிமானி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் உண்ணி. மாட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. பாடம் புரிகிறபோது தலைக்குள் நடப்பதும் புரியாதபோது நடப்பதும் வேறு வேறாம். உண்ணி அதை மோப்பம் பிடித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லிவிடும். கூடவே பேச்சையும் பதிவு செய்யும். இனிமேல் எந்தப் பிள்ளையும் புரியாமலே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அந்த அண்ணன்கள் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்த பிள்ளைகளையும், ஒரு காது கேட்காததை வெட்கப்பட்டு மறைத்த பிள்ளைகளையும், ஒடிசாவிலிருந்து அப்பா அம்மாவோடு வந்து பாஷை தெரியாமல் விழித்த பிள்ளைகளையும் உண்ணிதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதற்கப்புறம் முப்பது வருஷத்தில் தமிழ்நாட்டில் பெயிலாகிப் படிப்பை விட்ட பிள்ளை என்று யாரும் இல்லை. பவதாரிணி தன் வேலையை நேசித்ததற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய வியாதியை உண்ணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது. வருகைப்பதிவுக்கு 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்வதற்குள் அடுத்த மூன்று பேர் சொல்லிவிடுவார்கள். எழுந்து நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பின்பெஞ்சு சிரிக்கும். ரெஜினா டீச்சர் நல்லவர்தான். பாவம், பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று மீதியை அவரே சொல்லி முடித்து உட்கார வைத்துவிடுவார். அந்த இரக்கம் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஜெர்லின் மட்டும்தான் சிரிக்கவும் இல்லை, முடித்துக் கொடுக்கவும் இல்லை. அவள் ஒரு மக்கு என்பதுதான் காரணம் என்று பவதாரிணி நினைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் முதல் தடவையில் புரியாது. ரெண்டாம் தடவை, மூணாம் தடவை, சில நாள் ஏழாம் தடவை. அவளுக்குச் சொல்லிச் சொல்லியே பவதாரிணியின் நாக்கு மெல்ல மெல்லக் கட்டவிழ்ந்தது. வருஷக் கடைசியில் வகுப்பின் முன்னால் நின்று ஒரு முழுப் பாட்டைச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் ஜெர்லினை 'நிதானப் பிரிவு'க்கு மாற்றிவிட்டார்கள். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மனம் நோகாத பெயர். அடுத்த வருஷம் பவதாரிணியின் அப்பாவுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. அதோடு சரி.

பிற்காலத்தில் எந்த மேடையிலிருந்தும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவள் இறங்கியதில்லை. "மெதுவாப் படிக்கிற தோழி ஒருத்தி இருந்தா. அவளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் நான் பேசக் கத்துக்கிட்டேன்." கைதட்டு கிடைக்கும்.

"இம்தியாஸ், பொய்ப்பச்சைன்னா என்ன, சொல்லு."

"என்ன மேடம், எனக்கே பரீட்சையா?" அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "உண்ணி பச்சை காட்டும். பிள்ளை வாயால புரியலன்னு சொல்லும். ரெண்டுல எதை நம்புறது? சில பிள்ளைங்களுக்குத் தலைக்குள்ள புரிஞ்ச மாதிரி ஒரு மயக்கம் வரும், ஆனா உண்மையில புரிஞ்சிருக்காது, அதுதான் பொய்ப்பச்சைன்னு நீங்க எழுதினீங்க. ரெண்டும் முரண்பட்டா தாழ்ந்ததை, அதாவது புரியலங்கிறதை, நம்புன்னு விதி போட்டீங்க. தப்பாப் போனாலும் பிள்ளைக்குக் கூடுதல் உதவிதானே கிடைக்கப் போகுது? யாரும் விட்டுப் போகமாட்டாங்க. எனக்கு இந்த வேலைக்கு வர ஆசை வந்ததே அந்த ஒரு வரியாலதான்."

"இந்த விதியால இப்ப எத்தனை பேர் நிதானப் பிரிவுல இருக்காங்க?"

"நம்ம மாநிலத்துல ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். புதன்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டா தேசம் முழுக்கப் போயிடும்."

"அந்த ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துல ஒருத்தர்கிட்டயாவது, ஏம்மா புரியலன்னு சொன்னேன்னு கேட்டோமா?"

இம்தியாஸ் நிஜமாகவே குழம்பிப்போனான். "கேக்க வேண்டாம்னுதானே மேடம் உண்ணியே வெச்சிருக்கோம்?"

அவள் இன்னொரு தடவை அந்த ஒலிப்பதிவைப் போட்டாள். புரியல என்று சொல்வதற்கு முன்னால் ஜெர்லின் ஒரு கணம் சிரிப்பை அடக்குவது தெளிவாகக் கேட்டது. எண்ணில் அது இல்லை, கோட்டிலும் இல்லை.

மறுநாள் காலை வண்டியில் ஏறிப் பதினோரு மணிக்குத் தூத்துக்குடியில் இறங்கினாள். பதிவைத் திருப்பித் தருகிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆய்வகத் தலைவியே கிளம்பிப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஜெர்லின் வைத்திருந்தது ஒரு மக்ரூன் பேக்கரி. ஊரெல்லாம் மாறியும் அந்த வாசனை மாறவில்லை: முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து சூட்டில் பொரிகிற வாசனை. உள்ளே எரிகிற அடுப்பின் பக்கத்துச் சுவரில் யாரோ கரியால் வரைந்து கணக்குப் போட்டிருந்தார்கள். எந்த மூலையில் எவ்வளவு சூடு, தட்டை எப்போது திருப்ப வேண்டும் என்று. மூன்று மாறிகள் உள்ள சமன்பாடு அது. பவதாரிணி அதைப் படித்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றாள்.

"அந்த அடுப்பு பண்ணுத கூத்துக்கு வேற வழியில்ல," என்றது ஒரு குரல். "வா பவா. டிவியிலதான் பாக்கேன். நேர்ல கொஞ்சம் மெலிஞ்சிருக்க."

கொஞ்சம் பருத்து, காதோரம் நரைத்து, ஏப்ரனில் மாவோடு ஜெர்லின் நின்றாள். முகம் அதே முகம். பவதாரிணி கட்டிக்கொண்டாள். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. ரெஜினா டீச்சர் மாறிமாறிக் கட்டுகிற ரெண்டே ரெண்டு நீலச் சேலை, மழை நாளில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த சாப்பாட்டுத் தூக்கு, உண்ணியைப் பிடுங்கிப் பள்ளிக்கூடப் பூனையின் காதில் ஒட்டியதும் அதற்கு நாள் முழுக்கப் பச்சை காட்டியதும். பூனையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்து பவதாரிணிக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

பிறகு பவதாரிணி கையடக்கத் திரைப் பெட்டியைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினாள்.

"முழுக்கப் பச்சை ஜெர்லின். இருநூத்திப் பன்னெண்டு நாளும். உனக்கு எல்லாம் முதல் தடவையே புரிஞ்சிருக்கு."

"ஆமா."

"அப்ப ஏன் புரியலன்னு சொன்ன?"

ஜெர்லின் காகிதக் கூம்பு ஒன்றைச் சுருட்டி அதில் மக்ரூனை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மொத நாளு சும்மாத்தான் சொன்னேன். நீ ரெண்டாவது தடவ சொன்னப்ப கொஞ்சம் கம்மியாத் திக்குச்சு. சரி, மூணாவது தடவயும் கேட்டுப் பாப்போமேன்னு இருந்துச்சு. புரிஞ்சுதுன்னு சொன்னா நீ வாய மூடிருவ. உன்ட்ட அது ஒண்ணுதான் கெட்ட பழக்கம்."

பவதாரிணிக்கு வருஷக்கணக்காக மேடை மேடையாக அந்த மக்குத் தோழியின் கதையைச் சொன்னது நினைவுக்கு வந்து காது மடல் சுட்டது.

"எட்டாம் வகுப்புல உன்னைப் பிரிச்சாங்களே, அப்ப சொல்லியிருக்கலாம்ல, நடிச்சேன்னு?"

"சொல்லாம இருப்பனா? ரெஜினா டீச்சர்ட்ட அழுதுட்டே போய்ச் சொன்னேன். டீச்சர், எனக்கெல்லாம் புரியும், பவா பேசணும்னுதான் பொய் சொன்னேன்னு. டீச்சர் நம்புனாவ. ஆனா அந்தச் சென்னை அண்ணன் இருந்தாருல்லா, தாடி வச்சிக்கிட்டு? அவரு சிரிச்சுக்கிட்டே, புரியாத பிள்ளைங்க இப்படித்தான் புரிஞ்ச மாதிரி சாதிக்கும் டீச்சர்னு சொல்லி எழுதிக்கிட்டாரு."

பவதாரிணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குறிப்பு அவளுக்குத் தெரியும். எழுத்து எழுத்தாகத் தெரியும். 'பதினேழாம் எண், தனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக அழுது வாதிடுகிறது' என்பது அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தின் முக்கியச் சான்று. அதன்மேல்தான் பொய்ப்பச்சை என்ற பெயரையே வைத்தாள்.

"நிதானப் பிரிவுல நல்லாத்தான் பாத்துக்கிட்டாவ, குறை சொல்லக் கூடாது," என்றாள் ஜெர்லின். "ஒரே கணக்க நாலு விதமாச் சொல்லுவாவ. நாலும் புரியும். அடுத்த கணக்குக்குப் போக விடமாட்டாவ. எனக்குக் கப்பல் இன்ஜினுக்குப் படிக்கணும்னு இருந்துச்சு. அந்தப் பாடம் அந்தப் பிரிவுல கெடையாது. பத்து முடிச்சிட்டு மாமா பேக்கரிக்கு வந்துட்டேன். அது போட்டும். நீ வந்தது நல்லதாப் போச்சு. ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். எம்மவ டெல்ஃபினா, ஏழாங்கிளாஸ். ரெண்டு வருஷமா நிதானப் பிரிவுல போட்டுருக்காவ. அவ அப்படி இல்ல பவா. நான் தாயி, எனக்குத் தெரியாதா? என்ன விதின்னு கேட்டா, மேலருந்து வந்த விதிங்காவ. நீ பெரிய எடத்துல இருக்க. யாரு போட்ட விதின்னு விசாரிச்சுச் சொல்லேன்."

வண்டியில் வரும்போது இத்தனை வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்தவளுக்கு இப்போது ஒன்றுகூட வரவில்லை. வேறு வழியில்லை என்று ஆனபிறகு சொன்னாள்.

"நான் போட்டது."

ஜெர்லினின் கை அப்படியே நின்றது.

"உன்னோட பதிவை வெச்சுத்தான் போட்டேன். பேரு இல்லாம இருந்தது. நீதான்னு எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. ஆனா விதி என்னோடது."

வெளியே வாடிக்கையாளர் ஒருவர் கால் கிலோ கேட்டார். ஜெர்லின் எழுந்து போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னியப் பத்தி எழுதுனத விடு," என்றாள் கடைசியில். "நான் நடிச்சேன், பட்டேன். எம்பிள்ள என்ன செஞ்சா?"

அதற்குப் பதில் உள்ளவள் நாலரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயது. அம்மாவின் நெற்றி, யாரோடதோ மூக்கு. காதுக்குப் பின்னால் உண்ணி, இப்போதெல்லாம் அரிசியளவுதான்.

"டெல்ஃபினா, பாடம் நடக்கும்போது புரியலன்னு நெறைய சொல்லுவியாமே," என்றாள் பவதாரிணி. "நெசமாவே புரியாதா?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"புரியும் ஆன்ட்டி. புரிஞ்சுதுன்னு சொன்னா உண்ணியோட சேந்த திரை டக்குனு அடுத்த கணக்கத் தந்துரும். இந்தக் கணக்கு ஏன் இப்படி அழகா வந்துச்சுன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இருக்கும். அதுக்கு டைம் தராது. அதான் புரியலன்னு சொல்லிருவேன். அப்ப திருப்பிக் காட்டும்லா?"

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"யாரும் கேக்கலயே."

இருபது வருஷமாகக் கற்றலை ஆராய்ந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தது அதுவரை கிடைக்கவில்லை. ஒருத்தி தோழிக்காகச் சொல்கிறாள். இன்னொருத்தி கணக்கின் அழகுக்காகச் சொல்கிறாள். மீதி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் எதற்காகச் சொல்கிறார்களோ. நிஜமாகவே புரியாதவர்களும் அதில் இருப்பார்கள். யார் யார் என்று தெரியாது. விதியை அவள் ஆசையோடுதான் எழுதினாள், ஒரு பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் எழுதினாள். அதை நினைக்க நினைக்க அழுகை வந்தது, அழுதாள். டெல்ஃபினா மரியாதையாக வெளியே போய்விட்டாள்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள் ஜெர்லின். "இப்ப என்ன செய்யணும்?"

"புதன்கிழமை குழு கூடுது. விதியைத் தேசம் முழுக்கக் கொண்டுபோறதுக்கு நான் கையெழுத்துப் போடணும். போடாம, இது தப்புன்னு சொல்லணும். நான் சொன்னா மட்டும் போதாது. பதினேழாம் எண் யாரு, ஏன் அப்படிச் சொன்னான்னு பேரோட, உன் குரலோட காட்டணும். நீ பொய் சொன்னேன்னு ஊரறியத் தெரிஞ்சிடும். பதிவு உன்னோடது. நீ சம்மதிச்சாத்தான் முடியும்."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஜெர்லின், யோசிச்சு…"

"முப்பத்தோரு வருஷம் யோசிச்சாச்சு. காட்டு."

போட்டாள். பதிவைப் புதன் வரை வைத்திருக்க ஒன்று, காட்டுவதற்கு ஒன்று.

"இதோட என் பட்டமும் போயிடும்," என்றாள் பவதாரிணி. புகாராகச் சொல்லவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"போட்டும். அதான் இப்ப நல்லாப் பேச வருதே."

அதில் குத்தல் இருந்தது, பாசமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. வாசல் வரை வந்து ஜெர்லின் மக்ரூன் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பவதாரிணி படியிறங்கினாள், நின்றாள், திரும்பினாள். நாற்பத்து மூன்று வயதில், இத்தனைக்கும் பிறகு, அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அப்ப நான் உனக்கு ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலையா?"

ஜெர்லின் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இன்னும் முழுசாக இறங்காத முகம்தான்.

"பின்னம்," என்றாள். "பின்னம் மட்டும் நெசமாவே புரியல பிள்ள. அத நீ சொல்லித்தான் புரிஞ்சுது. வேணும்னா உன் பொட்டியத் தொறந்து பாரு, செவப்பாத்தான் இருக்கும்."

வண்டி கோவில்பட்டி தாண்டும்வரை பவதாரிணி பொறுத்திருந்தாள். பிறகு, ஏதாவது ஒரு நாளைக் கவனிக்காமல் விட்டிருப்போமோ என்று பெட்டியைத் திறந்தாள். பின்னம் நடத்தியது செப்டம்பர் மாதம், மூன்று வாரம். ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். நாலாம் தேதி பச்சை. ஐந்தாம் தேதி பச்சை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற அன்றைக்கு, வகுப்பே சிவந்து கிடந்த அன்றைக்கு, பதினேழாம் எண் மட்டும் பளபளவென்று பச்சை. மூன்று வாரமும் தேடினாள். ஒரு நொடி மஞ்சள்கூட அகப்படவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்னம்மா ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

புதன்கிழமை அவள் குழுவின் முன்னால் ஜெர்லினின் குரலைப் போட்டாள். தன் குரலையும் போட்டாள். எட்டு நொடி நீண்ட அந்த 'ப்'பை வெட்டவில்லை. தலைவராக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உங்க வாழ்நாள் உழைப்பும்மா," என்றார். "ஆமாம் சார், அதனால நான்தான் சொல்லணும்," என்றாள். கையெழுத்துப் போடவில்லை. விதி நிறுத்தப்பட்டது. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஏன் என்று கேட்பது என்று முடிவானது. ஒரு வருஷமாவது ஆகும், பல ஆயிரம் பேர் வேண்டும் என்று இம்தியாஸ் கணக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தை ரத்து செய்கிற கடிதம் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே மேஜையைக் காலி செய்தாள். காலி செய்ய அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. போகிற போக்கில் ஜெர்லினின் பதிவை அவள் பெயருக்கு அனுப்பிவிட்டு, ஆய்வகத்துப் பிரதியை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெர்லின் கூப்பிட்டாள். டெல்ஃபினாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து அவளோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். கேட்க வந்தவர் பாதியிலேயே நோட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாராம். திங்கள்கிழமை பிரிவு மாற்றுகிறார்களாம். உனக்கு வேலை போச்சாமே, இங்க வந்தா அடுப்புப் பக்கம் ஓர் ஆள் வேணும், சம்பளம் கம்மி என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜெர்லின், சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆமா, பின்னம் பாத்தியா?"

பதிவு அவள் கைக்குப் போய் ரெண்டு நாளாகியிருந்தது. அவளே திறந்து பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். இருபது வருஷ ஆராய்ச்சியில் ஒரு தசமப் புள்ளியைக்கூட நகர்த்தியறியாத பவதாரிணி, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"பாத்தேன்," என்றாள். "செவப்பாத்தான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் அடுப்புக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னேன்லா," என்றாள் ஜெர்லின்.